ஒரு நாள் எண்ணெய்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
கரையோரக் குடிசைகளைக் காலி செய்து
தங்கச்சிமடம் பள்ளிக்கூடத்தில் எங்களை அடைத்தார்கள்.
கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்து நாள்.
பாதி தாள் ஒட்டிய நட்சத்திரத்தை
மூங்கிலோடு தூக்கிவந்திருந்தான் பிரிட்டோ.
ஆறாம் வகுப்பில் அதற்கு மட்டும் தனி பெஞ்சு.

கேபிள் ஆபீஸ் புரொஜெக்டர் என் பொறுப்பு.
பென்டிரைவில் இருந்தது ஒரே ஒரு படம்.
யாரோ தமிழ் பேசவைத்த வெளிநாட்டுக் காதல்.
அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம்.
அவன் வீட்டில்
நாளுக்கொன்றாய் எட்டு நாள் ஏற்றும் விளக்கு.
நடுவே ஒரு ரொட்டிக் கடை.
ஊர் முழுக்கப் பனி.

“வாலிநோக்கம் உப்பளம் மாதிரில்ல கெடக்கு”
என்றார் இன்னாசி.
“அந்தப் பய எந்தச் சபை?” மோட்சம் அக்கா கேட்டாள்.
யூதன் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
“நம்ம மாதாவும் அந்த வீட்டுப் புள்ளதான,
பெறகென்ன தகராறு?”
பாக்கை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

முதல் ராத்திரி
அவள் அவன் கையைப் பிடிக்கப் போன இடத்தில்
ஜெனரேட்டர் நின்றது.
இருட்டில் நூற்றிருபது பேர் போட்ட கூச்சலுக்கு
மழையே ஒரு நிமிடம் பயந்திருக்கும்.
ஒரு நாளைக்கான டீசல்தான்
தாலுகா ஆபீஸில் எழுதி வாங்கியிருந்தார்களாம்.

மறுநாளும் படம் ஓடியது.
அதற்கு மறுநாளும்.
நான்காம் நாள் பிள்ளைகள் வசனத்தை முந்திச் சொன்னார்கள்.
கதாநாயகனின் அப்பா முகத்தைக் காட்டியதும்
“வந்துட்டாருய்யா கெடுக்க” என்று
பீடியோடு வராந்தாவுக்குப் போய்விடுவார் இன்னாசி.
யாரும் டீசலைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும்.

படத்தில் அவன் அவளுக்கு ஒரு கதை சொல்வான்:
பழைய ஆலயத்தில் ஒரு நாளைக்கு இருந்த எண்ணெய்
எட்டு நாள் எரிந்த கதை.
சொல்லி முடிக்கும்வரை கேமரா சுடரைவிட்டு நகராது.
ஆறாம் தடவை கேட்கும்போதுதான் உறைத்தது.
எண்ணெய் ஒரு நாளைக்குத்தான் இருந்திருக்கும்.
மீதி ஏழு ராத்திரியும்
யாரோ கேனில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள்.
எழுதியவருக்கு அந்த ஆளின் பெயர் தெரியவில்லை,
அவ்வளவுதான்.

கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
உரச்சாக்கை முக்காடு போட்டு,
டார்ச்சை வாயில் கவ்வி,
புனலைப் பிடித்துக்கொண்டிருந்தான் கலந்தர்.
கேபிள் காசு வாங்கப் போனால்
மாசா மாசம் சில்லறை இல்லையென்று
நாளைக்கு வரச்சொல்கிறவன்.

“ஏது இது?”
“மாமா போட்டு டேங்குல. ட்யூப் வச்சு உறிஞ்சினேன்.”
“எத்தன நாளா?”
“நீங்க எத்தன நாள் படம் போட்டீங்களோ.”
துப்பினான். இன்னும் வாய் கசந்தது போல.
என் தாவணி முனையைத் துடைக்கக் கொடுத்தேன்.
அந்த நாற்றம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைவரை போகவில்லை,
நானும் துவைக்கவில்லை.

கூண்டை இறக்கினார்கள்.
டோக்கன் கொடுக்கிறார்களென்று ஆம்பளைகள் கரைக்கு ஓடினார்கள்.
ஒரு முனைக்குத் தாள் பற்றாமல்
நீலத் தார்ப்பாய் ஒட்டிய நட்சத்திரம்
பிரிட்டோவின் தோளில் ஊருக்குள் போனது.

காலிக் கேனை எடுக்க வந்தவன்
எடுத்த பிறகும் நின்றான்.
“படம் எப்படித்தான் முடியுது?
எனக்கு இஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.”

மரத்தையும் விளக்கையும்
ஒரே ஜன்னலில் வைப்பார்கள் என்றேன்.
வெளியே பனி கொட்டும்.
பாட்டு வரும்.

வாடை இன்னும் அடங்கியிருக்கவில்லை.
என் பக்கம் திரும்பாமல்
கடலைப் பார்த்துக் கேட்டான்:
“ஜன்னல் சாத்தியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?”

எட்டுத் தடவை பார்த்திருக்கிறேன்.
அதை மட்டும் கவனிக்கவில்லை.